கலாநிதிக்கு மேல் ஒரு ஸ்டிக்கர்

17 ஓகஸ்ட் 2010

சிட்னியில் பெண்டில் ஹில் ரயிலில் பக்கத்தில் இருந்த அன்ரி கேட்டார்: "பிள்ளை என்ன படிக்கிறீர்?"

பைசாந்திய முத்திரைகள் என்றேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விளக்கத் தொடங்கினேன். அதுதான் என் வியாதி. இன்றைக்கு இஸ்தான்புல் என்கிற ஊர்தான் அவர்களுடைய தலைநகரம். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய அதிகாரிகள் கடிதத்தை நூலால் கட்டி, அந்த நூலின் மேல் ஈயத்தை நசித்து முத்திரை குத்தி அனுப்புவார்கள். கடிதங்கள் உக்கிப் போய்விட்டன, ஈயம் மட்டும் மிஞ்சிக் கிடக்கிறது. அதில் உள்ள பெயரையும் பட்டத்தையும் சாமி படத்தையும் வைத்து அந்தச் சனம் எப்படி வாழ்ந்தது, எதற்கு ஆசைப்பட்டது என்று பார்க்கிறேன்.

அன்ரி கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு வாழைப்பழம் எடுத்துத் தந்தார். "சாப்பிடும் பிள்ளை. நல்லா மெலிஞ்சு போனீர்."

சாப்பிட்டேன். புலமைப்பரிசில் முடிந்துவிட்டது, ஆனால் ஆய்வுக்கு இன்னும் ஆதரவு இருக்கிறது.

2 செப்டெம்பர் 2010

மூன்றாம் அத்தியாயத்துக்குத் தலைப்பு வைத்துவிட்டேன்: "முத்திரை பொய் சொல்லாது." அத்தியாயத்தில் இன்னும் ஒரு வரிகூட இல்லை. ஆனால் தலைப்பு நன்றாக வந்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஒரு கிழமை சந்தோஷமாக இருக்கலாம்.

கதாநாயகன் நிகேதாஸ். பதினோராம் நூற்றாண்டு, எங்கோ ஒரு மாகாணத்தில் வரி வசூல் பார்த்த ஆள். அவனுடைய இரண்டு முத்திரைகள் எனக்குத் தெரியும். இரண்டிலும் ஒரு பக்கத்தில் புனித தியடோர் ஈட்டியோடு நிற்கிறார். மறுபக்கத்தில், "ஆண்டவரே, உமது அடியான் நிகேதாசுக்கு உதவும்" என்று எழுதி, அதற்குப் பிறகு பட்டம். அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொல்கிற மாதிரித்தான். ஒன்றில் அவன் வாள்காவலர், மற்றதில் முதல் வாள்காவலர். வாளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அரசன் கொடுக்கிற வெறும் மரியாதை. எங்கள் சிறிதரன் மாமாவின் "சமாதான நீதவான்" போல. மாமா அம்மாவின் தம்பி. அவர் எந்த வீட்டில் சமாதானம் பண்ணிவைத்தார் என்று நாங்கள் இருக்கிற கிரவீனில் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் அந்தப் பட்டம் இல்லாமல் அவர் பெயரை எழுதிப் பார்க்கட்டும் யாராவது.

ஆக, நிகேதாசுக்கு முதலில் சின்னப் பட்டம், பிறகு பெரிய பட்டம். படிப்படியாக முன்னேறிய மனிதன். வரலாறு எழுதினவர்கள் புளுகுவார்கள், முத்திரை புளுகாது. அரசன் தராத பட்டத்தை ஈயத்தில் குத்திவிட்டு மூக்கு அறுபடாமல் திரியக்கூடிய நாடு இல்லை அது. இதுதான் என் ஆய்வுக்கு முதுகெலும்பு.

சின்னப் பட்ட முத்திரை மெல்பேர்னில், இளைப்பாறிய கிரேக்கப் பல்வைத்தியர் ஒருவரிடம் இருக்கிறது. பாட்டனாரின் சொத்தாம். படம் எடுத்து அனுப்பியிருந்தார். என் குறிப்பு: "குத்தும்போது கை வழுக்கியிருக்கிறது. புனிதரின் தலைவட்டம் இரண்டாகத் தெரிகிறது. முக்கியமில்லை."

மேற்பார்வையாளர் ஹெலன், "நேரில் பார்த்தாயா?" என்றார். படம் மிகத் தெளிவு என்றேன்.

19 செப்டெம்பர் 2010

முத்திரை குத்துகிற கருவி ஒரு இரும்புக் குறடு. ஈயத்தில் எழுத்து நேராக விழவேண்டும் என்பதால் குறட்டின் வாயில் இடம்வலம் மாற்றி வெட்டியிருப்பார்கள். அப்படியொரு குறட்டின் படத்தை வாசிக்க இன்று குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். சத்தம் போட்டு வாசித்தேன் போலிருக்கிறது. அம்மா கதவைத் தட்டினார். "உள்ளுக்கை ஆரோடையடி கதைக்கிறாய்?"

அப்பா இருந்திருந்தால் கண்ணாடி தேவைப்பட்டிராது. யாழ்ப்பாணக் கச்சேரி அலுவலகத்தில் படவரைஞராக இருந்தவர். ட்ரேசிங் தாளை எந்தப் பக்கம் திருப்பிக் கொடுத்தாலும் கடகடவென்று வாசிப்பார். சிட்னிக்கு வந்து பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி மடித்தார், கடைசிவரை பெட்டிதான் மடித்தார். 2007இல் அவருடைய செத்தவீட்டுக்கு வந்த தொழிற்சாலைக்காரர்களுக்கு, அவர் ஒரு கோடு கீறுவார் என்பதுகூடத் தெரிந்திருக்கவில்லை.

13 நவம்பர் 2010

மேனுகாவுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது. தங்கச்சிக்கு வயது இருபத்தேழு. மாப்பிள்ளை பிரதீஸ், மெல்பேர்னில் ரோவில் என்கிற இடம், கணினி வேலை, நல்ல பிள்ளை. வைகாசியில் சிட்னியில் கலியாணம்.

அக்காவுக்கு முப்பத்திரண்டு. எனக்கு ஒரு கவலையும் இல்லை என்று காலையிலிருந்து தொலைபேசியில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. லண்டன் பெரியம்மா அழவே தொடங்கிவிட்டார். "அழாதேங்கோ பெரியம்மா, எல்லாம் நல்லபடி நடக்கும்" என்று என் நிலைமைக்காக அவருக்கு நான் ஆறுதல் சொன்னேன்.

12 பெப்ரவரி 2011

நிகேதாஸ் கலியாணம் கட்டினவனா இல்லையா என்று தெரியவில்லை. முத்திரையில் அதைப் போடுகிற வழக்கம் இல்லை. நல்ல நாகரிகம் உள்ள சனம்.

6 மார்ச் 2011

ஹெலனின் அறையில் ஒரு மணித்தியாலம். இனி நீடிப்பு இல்லையாம். அடுத்த வருஷம் ஓகஸ்டில் நிறைவுக் கருத்தரங்கு. அதில் மூன்றாம் அத்தியாயம் நின்று பிடிக்காவிட்டால், முதுமாணிப் பட்டத்தைக் கையில் தந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கலாநிதி என்கிற டொக்டர் பட்டம் கிடையாது.

"நீ எழுதியிருப்பது சரியாக இருக்கலாம், ராகவி. ஆனால் இதில் புதிதாக என்ன இருக்கிறது?"

பிழை என்று சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். ஆறு வருஷம். ஆறு வருஷம் குந்தியிருந்து, எல்லாருக்கும் தெரிஞ்சதை நான் கண்டுபிடிச்சிருக்கிறன்!

அம்மாவுக்குச் சொல்லவில்லை. கலியாண வீட்டில் இதையும் எப்படிச் சொல்வது?

2 ஏப்ரல் 2011

கார்ட் வந்தது. கொழும்பில் அடித்து, மாமாவின் சிநேகிதர் ஒருவர் சூட்கேசில் கொண்டுவந்து சேர்த்தார். பாலாடை நிறம், மினுங்குகிற பொன் எழுத்து, பிள்ளையாருக்கு வெல்வெட் துணி. மாமாவின் மேற்பார்வை என்றால் சும்மாவா?

தொழில் பழக்கத்தில் பட்டங்களைத்தான் முதலில் பார்த்தேன். "காலஞ்சென்ற சிறீஸ்கந்தராசா – விமலாதேவி தம்பதிகளின் கனிஷ்ட புத்திரி." சரி. கடைசியில், "தங்கள் வரவை அன்புடன் எதிர்பார்க்கும்" என்று போட்டு, சிறிதரன், சமாதான நீதவான். அதுவும் எதிர்பார்த்ததுதான். அதற்கு அடுத்த வரி: கலாநிதி ராகவி சிறீஸ்கந்தராசா.

ஒரு கணம் வேறு யாரோ ராகவி என்று நினைத்தேன். அவள்மேல் பொறாமைகூட வந்தது.

"அம்மா! என்ன இது?"

"ஏன், எழுத்துப் பிழை கிடக்கே?"

"நான் இன்னும் முடிக்கேல்லை!"

"முடிக்கத்தானே போறாய். அதுக்குப் பிறகு மேனுகாவுக்கு இன்னொருக்கால் கார்ட் அடிக்கேலுமே?"

அதற்குமேல்தான் உண்மை வந்தது. தங்கச்சிக்கு முதலில் நடக்கிறது, சனம் ஏன் என்று கேட்கும். கலாநிதி என்று ஒரு சொல் இருந்தால், பாவம் பிள்ளை படிச்சதிலை பிந்திப்போச்சு என்று தாங்களாகவே விளங்கிக்கொள்வார்கள். என் கலியாணமின்மைக்கு அம்மா கண்டுபிடித்த அடிக்குறிப்பு.

நான் கத்தினேன். என் மூன்றாம் அத்தியாயமே பட்டத்தில் ஒருவரும் பொய் எழுதமாட்டார்கள் என்பதுதான் என்று கத்தினேன்.

"அது அவையின்ரை பட்டம்," என்றார் அம்மா. "இது எங்கடை."

மேனுகா சோபாவில் படுத்தபடி, "அக்கா, சில் பண்ணு. ஒருத்தரும் கீழ்வரி வாசிக்கிறேல்லை" என்றாள்.

வாசிக்கிறார்கள். நான் ஆறு வருஷமாகக் கீழ்வரியைத்தானே வாசிக்கிறேன். இன்னும் ஆயிரம் வருஷத்தில் என்னைப் போல ஒரு விசரி இந்தக் கார்டைத் தோண்டி எடுத்து, "2011இல் கிரவீனில் ஒரு கலாநிதி ராகவி வாழ்ந்தார், கார்ட் பொய் சொல்லாது" என்று எழுதப் போகிறாள். ஐயோ, நான் ஓகஸ்டில தோத்தா? சனத்தின்ரை முகத்தில எப்பிடி முழிக்கிறது? நான் கேட்டனானா இந்தப் பட்டத்தை?

9 ஏப்ரல் 2011

முடிவு: ஸ்டிக்கர். நான்தான் பிடிவாதமாக நின்றேன். நேர்மை, ஆய்வு ஒழுக்கம் என்றெல்லாம் மாமாவுக்கு ஒரு பிரசங்கம் வைத்தேன். மாமா, "அப்ப என்ரை சமாதான நீதவானுக்கு மேலையும் ஒட்டப்போறியோ?" என்று கவலையாகக் கேட்டார். அது உண்மையான பட்டம் மாமா, அப்படியே இருக்கட்டும் என்றேன்.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலுபேரும் இருந்து, எல்லாக் கார்டிலும் "கலாநிதி"க்கு மேல் சின்னச் சின்னத் துண்டாக ஒட்டினோம். கடையில் பாலாடை நிற ஸ்டிக்கர் இல்லை, வெள்ளைதான் இருந்தது. ஒட்டி முடித்துப் பார்த்தால், கார்டைத் திறந்தவுடன் கண் பிள்ளையாரிடம் போகவில்லை, நேரே அந்த வெள்ளைத் துண்டுக்குத்தான் போகிறது. முன்பு ஒருவரும் கவனித்திராத வரி இப்போது பெற்றோமாக்ஸ் வைத்த மாதிரித் தெரிகிறது.

அம்மா தன் பங்கை ஒட்டிமுடித்துவிட்டு எழுந்து குசினிக்குப் போனார்.

30 ஏப்ரல் 2011

ஸ்டிக்கருக்குக் கீழே என்ன இருக்கிறது? பெண்டில் ஹில் கடைத்தெருவில் இதுவரை எனக்குக் கிடைத்த பாடபேதங்கள்:

கீழே "திருமதி" என்று இருக்கிறதாம். நான் ஒரு கிரேக்கனை ரகசியமாகக் கட்டி, அது முறிந்துபோய், கடைசி நேரத்தில் மறைத்தார்களாம். நிகேதாஸ், கேட்டியா? உன்னையும் இழுத்துவிட்டார்கள்.

இன்னொரு கதை: பட்டம் தந்த பிறகு பல்கலைக்கழகம் திருப்பிப் பிடுங்கிவிட்டதாம். காப்பியடித்தேனாம்.

சிரித்துக்கொண்டுதான் எழுதத் தொடங்கினேன். ஆனால் அம்மா இரண்டு வெள்ளிக்கிழமையாகக் கோயிலுக்குப் போகவில்லை. முழங்கால் நோவாம். படி ஏறி இறங்கி வீட்டு வேலை எல்லாம் செய்கிற முழங்கால், கோயில் என்றால் மட்டும் நோகிறது. அம்மாவைச் சந்தி சிரிக்க வைத்தவள் நான். நேர்மையாம் நேர்மை.

22 மே 2011

ரோவில். மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கல். வழக்கப்படி மேனுகா வரக்கூடாது, அதனால் அம்மா, மாமா, நான். காலையில் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். புகை மணி அடித்துவிடும் என்று பயந்து கராஜுக்குள்தான் பொன்னுருக்கினார்கள். கார் நிற்கிற இடத்தில் நிறைகுடம். தாலிக்கான பொற்காசு கரியில் உருகி உருண்டதும் எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். உலோகம் பற்றி ஆறு வருஷம் படித்தவள் நான், உருகினதை இன்றைக்குத்தான் முதல்தரம் நேரில் பார்த்தேன்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹோலில் இருந்தோம். மாப்பிள்ளையின் பெரியம்மா பவளம் அன்ரி எங்கள் கார்டை எடுத்தார். முதலில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு யன்னலடிக்குப் போய், வெயில் பக்கவாட்டில் விழுகிற மாதிரிக் கார்டைச் சரித்துப் பிடித்தார். ஒரு கண்ணை மூடினார். இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம்.

"விமலா, இதுக்குக் கீழை எழுத்துத் தள்ளிக்கொண்டு நிக்குது. முதல் எழுத்துக்கு மேல்விசிறி இல்லை. திருமதி இல்லைப் போல கிடக்கு."

அம்மா, "அச்சுப் பிழை" என்றார். சொல்லிவிட்டு எழுந்து பின்வளவுக்குப் போனார்.

நான் பின்னால் போனேன். உடுப்புக் காயப்போடுகிற கம்பியைப் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றார். அம்மா அழுது நான் கண்டது அப்பாவின் செத்தவீட்டில்தான்.

"கார்ட் அடிக்கக் குடுக்கேக்கை சிறிதரன் கேட்டவன், அத்தானுக்கு என்ன போடுறது எண்டு. படவரைஞர் எண்டு போடுவமோ எண்டு யோசிச்சன். போட்டா, இஞ்சை என்ன செய்தவர் எண்டு கேப்பினம். பெட்டி மடிச்சவர் எண்டு சொல்லோணும். கடைசியா அந்த மனுசனுக்கு எண்டு எழுத இருந்தது 'காலஞ்சென்ற' மட்டுந்தான், பிள்ளை. அவர் உன்னைப் படி படி எண்டுதானே இருந்தவர். அவரின்ரை பேரோடை ஒரு நல்ல சொல்லு கிடக்கட்டும் எண்டு நினைச்சுப்போட்டன்."

கலாநிதி ராகவி சிறீஸ்கந்தராசா. அந்த வரியில் அப்பாவின் பெயர் இருப்பதை நான் கவனிக்கவே இல்லை. கீழ்வரி வாசிக்கிறவளாம் நான்!

அம்மாவைக் கட்டிப்பிடித்து நானும் அழுதேன். மாமா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சமாதானம் பண்ணப் பயந்து திரும்பிப் போய்விட்டார்.

23 மே 2011

விமானம் பின்னேரம். காலையில் ஓக்லிக்குப் போய், அந்தப் பல்வைத்தியரைப் பார்த்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பார்க்காமல் போனால் ஹெலன் கொன்றுவிடுவார்.

நிகேதாசைப் பல்வைத்தியத் தட்டில் பஞ்சு போட்டு வைத்திருந்தார். ஐந்து சதக் காசைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். மேலேயிருந்து விளக்கைப் போட்டார். படத்தில் பார்த்ததே. வாள்காவலர், நாலு வரி, வழுக்கின குத்து, புனிதருக்கு இரண்டு தலைவட்டம்.

கும்பிட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். பவளம் அன்ரி யன்னலடியில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. விளக்கைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னேன். அவர் கடைவாய்ப் பல்லுக்குப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தார். நான் தட்டைச் சரித்தேன். இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம்.

கை வழுக்கவில்லை. இது இரண்டு முத்திரை. ஒன்றைக் குத்தி, அதே ஈயத்தில், அதற்கு மேலேயே இன்னொன்றைக் குத்தியிருக்கிறார்கள். இரண்டாவது தலைவட்டம் அடியில் கிடக்கிற முத்திரையின் தலைவட்டம். மறுபக்கத்தில் நாலு வரிக்குக் கீழே ஐந்தாவது வரியொன்றின் மிச்சம் நிற்கிறது, நீளமான பட்டத்துக்கு ஒரு வரி கூட வேண்டும். அடியில் இருப்பதும் அதே நிகேதாஸ்தான். அடியில் அவன் முதல் வாள்காவலர். மேலே, வெறும் வாள்காவலர்.

பெரிய பட்டம் முதலில். சின்னது அதற்கு மேல்.

மூன்றாம் அத்தியாயம் போச்சு. முதுகெலும்பு என்று எழுதினேனே, அது அந்தத் தட்டிலேயே முறிந்தது. பல்வைத்தியர், "கோப்பி குடிக்கிறாயா?" என்று கேட்டார். நான் சிரிக்கத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. நோவு மருந்து ஏறின நோயாளியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

ஏனென்றால் எனக்குத் தெரியும், இது என்ன என்று. கிரவீனில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்து நானே என் கையால் செய்த வேலை. யாரோ அவசரப்பட்டுப் பெரிய பட்டத்துக்குக் குறடு வெட்டுவித்துவிட்டார்கள். வரத்தானே போகிறது என்று. பிறகு ஒரு பிடிவாதக்காரன் வந்து, இல்லை, மாற்று என்று நின்றிருக்கிறான்.

நிகேதாசுக்கும் ஒரு விமலாதேவி இருந்திருக்கிறார்.

5 ஜூன் 2011

மேனுகா கலியாணம். அழகாக இருந்தாள். நான் ஒரு கூட்டம் அன்ரிமாருக்கு ஸ்டிக்கருக்குக் கீழே என்ன என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

19 ஜூலை 2011

ஹெலன் முதலில் படங்களைப் புரட்டினார். பக்கவாட்டு வெளிச்சத்தில் பல்வைத்தியர் எடுத்த புதுப் படங்கள். பிறகு கேள்வி கேட்டார். பதவி இறக்கப்பட்டவனாக இருக்கலாம் அல்லவா? இருக்கலாம். பழைய ஈயத்தை வீணாக்காமல் திரும்பப் பாவித்ததாக இருக்கலாம் அல்லவா? இருக்கலாம். உன் "அவசரப்பட்ட குடும்பம்" என்பதை நிரூபிக்க முடியுமா? முடியாது.

"நல்லது," என்றார். "மூன்றையும் எழுது. அந்தத் தலைப்பைத் தூக்கிக் குப்பையில் போடு."

எங்கள் கார்ட் கதையைக் கேட்டுவிட்டு, அத்தியாயத்துக்கு ஒப்புமையாகக் கலியாணக் கார்டைக் காட்டலாம் என்றும் அவர்தான் சொன்னார். பட்டம் என்பது ஒரு ஆளின் நிலைமையை மட்டும் சொல்லவில்லை, அவனைச் சுற்றி இருந்தவர்களின் ஆசையையும் சொல்கிறது என்பதற்கு. ஆனால் அம்மாவைக் கேட்காமல் எப்படி? ஒருதரம் சந்தி சிரிக்க வைத்தது போதாதா?

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நேரம் பார்த்துக் கேட்டேன், எப்படியும் கண்ணீர் வரும் நேரம்.

"ஸ்டிக்கரோடை காட்டப்போறியோ?"

"ஓம். மேலை இருக்கிறதும் கீழை இருக்கிறதும் ரெண்டும் காட்டோணும்."

"அப்ப அப்பான்ரை பேரும் படத்திலை வரும்?"

"ஓம், வரும்."

அம்மா கத்தியைக் கீழே வைக்கவில்லை. "அப்ப காட்டு. படத்தை வடிவா எடு."

3 பெப்ரவரி 2012

எழுதுகிறேன். வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. பயமாக இருக்கிறது.

10 ஓகஸ்ட் 2012

கருத்தரங்கு. அம்மா வருவேன் என்று நின்றார். கலியாணத்துக்குக் கட்டின காஞ்சிபுரம், கையில் இரண்டு தட்டு ரோல்ஸ். வேண்டாம் அம்மா, அங்கே அப்படியொரு வழக்கமில்லை என்றேன். "சாப்பிடாமல் எப்பிடிக் கேட்டுக்கொண்டு இருக்கிறது?" என்றார். நான் கணினியை இணைத்து முடிப்பதற்குள் ஒரு தட்டு காலி. ஆட்கள் என்னைவிட அம்மாவைத்தான் முதலில் மதிப்பீடு செய்தார்கள்.

முதல் பத்து நிமிஷம் என்ன சொன்னேன் என்று தெரியாது. நிகேதாசின் இரண்டு தலைவட்டத்தையும் திரையில் போட்ட பிறகு குரல் வந்தது. அதற்குப் பிறகு கார்ட். பவளம் அன்ரியின் முறைப்படி பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம். வெள்ளைத் துண்டுக்குக் கீழே எழுத்துகள் முதுகு காட்டிக்கொண்டு கிடந்தன. பக்கத்தில், பொன்னில், அப்பாவின் பெயர் அவ்வளவு பெரிசாகச் சுவரில்.

கடைசியில் குழுத் தலைவர் கேட்டார்: முதல் முத்திரைக்குக் கட்டளை கொடுத்தவர் என்ன நினைத்தார் என்று நமக்கு எப்படித் தெரியும்? பொய் சொல்ல நினைத்தாரா?

"நிகேதாஸ் விஷயத்தில் கேட்பதற்கு ஆளில்லை," என்றேன். "கார்ட் விஷயத்தில் இருக்கிறார். மூன்றாம் வரிசை. பொய் சொல்ல நினைக்கவில்லை. தன் புருஷனை ஒருவரும் அறியாமல் போய்விட்டார்களே என்று நினைத்தார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்ததால் அம்மாவுக்குக் காரணம் விளங்கவில்லை. எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு இருந்தார்.

காரில் வரும்போது, "எல்லாரும் ஏன் என்னைப் பார்த்தவை?" என்று கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப ரோல்சுக்கு இல்லையே?" என்றார்.

குழு ஏற்றுக்கொண்டது. ஆய்வேட்டைக் கொடுக்கலாம். ஆனால் வெளியாட்கள் இரண்டுபேர் வாசித்துச் சரி என்று சொல்லவேண்டும். அதுவரைக்கும் ஒன்றும் நிச்சயமில்லை என்று அம்மாவிடம் மூன்றுதரம் சொல்லிவைத்தேன், எதையும் அச்சடிக்கக் கொடுத்துவிடாதபடி.

30 நவம்பர் 2012

கொடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து படுத்தேன். அந்த ரயில் அன்ரி வாழைப்பழம் தந்தது ஞாபகம் வந்தது. நன்றியுரையில் பெயர் போட்டிருக்கலாம், பெயர் கேட்காமல் விட்டுவிட்டேன். பவளம் அன்ரிக்குப் போட்டிருக்கிறேன்.

18 ஏப்ரல் 2013

காலையில் மின்னஞ்சல் வந்தது. சின்னத் திருத்தங்கள், அவ்வளவுதான். தந்துவிட்டார்கள்.

குசினிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தார். கையைச் சேலையில் துடைத்தார். சாமி அறைக்குப் போய், அப்பாவின் படத்துக்குப் பின்னாலிருந்து கலியாணக் கார்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். ஒன்றை எடுத்து வைத்திருந்திருக்கிறார்.

கதிரையில் இருந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நகத்தால் ஸ்டிக்கரின் ஒரு மூலையைக் கிளப்பினார். நான் உதவிக்குப் போனேன், கையைத் தட்டிவிட்டார். மெல்ல மெல்ல இழுத்தார். ஸ்டிக்கர் முழுசாக வந்தது. பொன் எழுத்தும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. கார்டில் அந்த இடம் வெறுமையாக இருந்தது, பக்கத்தில் ராகவி சிறீஸ்கந்தராசா.

இரண்டுபேரும் பார்த்துக்கொண்டு இருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் அம்மாவுக்கு எப்படி இருக்குமோ என்று அடக்கினேன்.

"நாசமாய்ப் போன பசை," என்றார் அம்மா. பிறகு, "சரி விடு. பேர் ரெண்டும் கிடக்குதுதானே."

விரலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தார். பசைப் பக்கத்தில் சொல் முழுசாக நின்றது, குறட்டில் வெட்டின மாதிரி இடம்வலம் மாறி. எறியப் போனவர் எறியவில்லை. சாமி அறைக்குப் போய், அப்பாவின் படக் கண்ணாடியில், சட்டத்தின் ஓரமாக ஒட்டி, பெருவிரலால் அழுத்தினார். எழுத்து உள்ளே அப்பாவின் பக்கம். எங்களுக்கு வெள்ளைத் துண்டு மட்டும் தெரிந்தது.

அம்மா யோசித்தார். "எழுத்தெல்லாம் மாறியெல்லோ கிடக்கு. வாசிப்பாரே?"

வாசிப்பார் அம்மா என்றேன்.